ஒரு நாளும் நாற்பது ஆண்டுகளும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரில் புலவர்களைப் பற்றியும் கூத்துக் கலைஞர்களைப் பற்றியும் நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கும் மனிதரைத் தமிழ் இலக்கிய உலகம் அறியாது. மட்டக்களப்பு அறியும். அவர் கூடைப்பந்தாட்டம் பழக்கியவர். தொழிற்கல்வி நிலையமொன்றை நடத்தியவர். இயேசு சபைத் துறவி. பெயர் யூஜின் ஹேபியர். எங்கள் ஊரில் 'ஃபாதர் ஹேபியர்' என்றால் போதும்.

இலக்கியத் தொடரில் இவருக்கென்ன இடம் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை இந்த உரையின் முடிவில்தான் இருக்கிறது. முதலில் நான் ஏன் இவரைப் பற்றிப் பேசத் துணிந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பாடசாலை விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்த என் பேரனைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் பின்னேரம் புளியந்தீவு வீதிகளில் நடந்துகொண்டிருந்தேன். புனித மைக்கேல் கல்லூரிப் பக்கம் வந்தபோது பந்து நிலத்தில் மோதும் சத்தம் கேட்டது. பையன் நின்றான். அவனும் கூடைப்பந்து ஆடுகிறவன். "இந்த ஊரில் இந்த விளையாட்டை வளர்த்தவர்களில் ஒருவர் ஃபாதர் ஹேபியர்" என்றேன். "யார் அவர்?" என்றான். "1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து வரும் வழியில் காணாமற் போனவர்" என்றேன்.

"அது சரி அப்பப்பா. அதுக்கு முந்தி அவர் எப்படி இருந்தார்?"

எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. காணாமற் போன திகதி தெரியும், வீதி தெரியும், அந்தக் கிழமையில் நடந்தவை எல்லாம் மனப்பாடம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் வாழ்ந்த ஒரு மனிதரைக் கேட்டால், அவர் இல்லாமற் போன ஒரு நாளைத்தான் நான் எடுத்துக் கொடுக்கிறேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்தப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

ஹேபியர் அடிகளார் 1923ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆம் திகதி அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஜெனிங்ஸ் என்ற சிறு நகரில் பிறந்தவர். அமெரிக்கா என்றதும் நமக்கு வானளாவும் கட்டடங்கள்தான் கண்முன் வரும். ஜெனிங்ஸ் அப்படிப்பட்ட ஊர் அன்று. தெற்கு லூசியானா தட்டையான சமவெளி. நெல் விளையும் பூமி. வயல்களும் சதுப்பு நிலங்களும் மெல்ல அசையும் நீரோடைகளும் கலந்து கிடக்கும். நெல்வயலில் தண்ணீர் கட்டி நன்னீர் இறால் வகையொன்றை வளர்ப்பார்கள். சோறும் மீனும் இறாலும்தான் அவர்கள் சாப்பாடு. காரமும் தாராளமாகப் போடுவார்கள். நேயர்களே, இந்த விவரத்தைக் கேட்கும்போது படுவான்கரை வயல்களும் எங்கள் வாவியும் உங்கள் நினைவுக்கு வரவில்லையா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹேபியர் என்பது ஆங்கிலப் பெயரன்று, பிரெஞ்சுப் பெயர். தென் லூசியானாவில் வாழும் 'கேஜன்' மக்களிடையே பெருவழக்கான குடும்பப் பெயர் அது. அம்மக்களின் முன்னோர் இன்றைய கனடாவின் கிழக்குக் கரையோரத்தில் வாழ்ந்தவர்கள். 1755ஆம் ஆண்டு தொடங்கி ஆங்கிலேயர் அவர்களை ஊரோடு பிடுங்கிக் கப்பலேற்றித் துரத்தினார்கள். அலைந்து திரிந்தவர்களில் பலர் கடைசியில் லூசியானாவின் சதுப்பு நிலங்களில் வந்து குடியேறினார்கள். வீடு வாசல் இழந்து இடம்பெயர்ந்த கதை அந்த மண்ணிலும் உண்டு.

இயேசு சபையில் சேர்ந்த ஹேபியர், இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் இலங்கைக்கு வந்தார். கிழக்கு மாகாணத்தில் அப்போது பிரெஞ்சு நாட்டுத் துறவிகள் விட்டுச் சென்ற பணியை நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து அமெரிக்கத் துறவிகள் பொறுப்பேற்றுக்கொண்டிருந்தார்கள். திருகோணமலையில் புனித சூசையப்பர் கல்லூரி. மட்டக்களப்பில் 1873இல் தொடங்கிய புனித மைக்கேல் கல்லூரி. இந்த இரண்டு பாடசாலைகளும்தான் அவர்களின் முக்கிய களங்கள். ஹேபியர் இரண்டிலும் பணியாற்றியவர்.

அந்த அமெரிக்கத் துறவிகளைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஒரு விஷயம் சொல்வார்கள். "இவங்க வீட்டுக்குள்ள இருக்கமாட்டாங்க" என்பார்கள். உண்மைதான். வெயிலென்றும் மழையென்றும் பாராமல் வெளியிலே திரிந்தவர்கள் அவர்கள். வாவிக் கரையில் இன்று வெபர் மைதானம் என்று ஒரு மைதானம் இருக்கிறதே, அது அவர்களில் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரால் அமைந்தது. இன்னொருவர் லாங் அடிகளார். அவர் என்ன செய்தார் தெரியுமா? எங்கள் வாவியில் மீன் பாடுகிறது என்று சொல்வார்களல்லவா, அந்தப் பாட்டைத் தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பதிவு செய்தார். அந்தப் பதிவு 1960களில் இலங்கை வானொலியில் ஒலிபரப்பாயிற்று. வானொலி நேயர்களுக்கு இதைச் சொல்வதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

மீன் பாட்டைப் பற்றி அவருக்கு முன்னரே எழுதியவர் ஒருவர் உண்டு. சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற். 1848இல் அவர் மட்டக்களப்புக்கு வந்தபோது நிலவொளியில் வள்ளமேறிப் போய் அந்த ஒலியைக் கேட்டார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தடவினால் எழும் ஒலிக்கு அதை ஒப்பிட்டார். மீனவர்கள் அவரிடம், பாடுவது மீனல்ல, 'ஊரி' என்று சொல்லிச் சிப்பிகளை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் காதை வைத்தால் கேட்கும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நானும் சிறு வயதில் கேட்டிருக்கிறேன்.

நிற்க, கூடைப்பந்தாட்டத்துக்கு வருவோம்.

இந்த விளையாட்டு 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவில் ஸ்பிறிங்ஃபீல்ட் என்ற நகரில் பிறந்தது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் வெளியே போக முடியாத மாணவருக்காக மண்டபத்துக்குள் ஆட ஒரு விளையாட்டை உண்டாக்கினார். பீச் பழம் போடும் கூடைகள் இரண்டைச் சுவரில் அடித்து மாட்டினார். ஆக, அது கூரைக்குக் கீழே பிறந்த விளையாட்டு. ஆனால் 1936இல் பேர்லின் ஒலிம்பிக் போட்டியில் முதன்முதலாக அதைச் சேர்த்தபோது வெளியரங்கில், களிமண் தரையில் ஆடினார்கள். இறுதி ஆட்டத்தன்று மழை கொட்டியது. பந்து சேற்றில் எழும்பவில்லை. அமெரிக்கா 19, கனடா 8 என்று ஆட்டம் முடிந்தது.

எங்கள் ஊரில் அது முழுக்க முழுக்க வெளியரங்க விளையாட்டாகவே வளர்ந்தது. மட்டக்களப்பில் குளிர்காலம் ஏது? கச்சான் காற்றுக் காலத்தில் தரை கொதிக்கும். மாரியில் தண்ணீர் நிற்கும். மாரி மழை ஓய்ந்ததும் பெடியன்கள் துடைப்பத்தோடு வந்து தண்ணீரைத் தள்ளிவிட்டு ஆடத் தொடங்குவார்கள். பின்னேரமானால் வாவிக் காற்று வரும். ஆடுகிறவர்கள் பத்துப் பேர் என்றால் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறவர்கள் நூறு பேர். சந்தைக்குப் போகிறவர், கந்தோர் விட்டு வருகிறவர், சைக்கிளில் பாண் விற்கிறவர் எல்லோரும் அங்கே ஒரு கணம் நிற்பார்கள். ஊருக்கு அது ஒரு சந்தி மாதிரி.

நான் வேலிக்கு வெளியே நின்றவன். படித்தது வேறு பாடசாலை. விளையாட்டில் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஆனால் என் தம்பி உள்ளே நின்றவன். ஆகவே ஃபாதர் ஹேபியரை நான் வேலியின் இந்தப் பக்கமிருந்து கண்டதும், தம்பி வீட்டுக்கு வந்து சொன்னதுமாகத்தான் அறிவேன். கையில் விசிலோடு கோட்டோரம் நின்ற உருவம் நினைவிருக்கிறது. ஆட்டம் நடக்கும்போது அவர் குரல் வீதியில் கேட்கும். தப்பாகப் பந்தைக் கொடுத்தவன் பெயர் ஊருக்கே தெரிந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் அதே பெடியனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நடப்பார். "ஏசினாரே, கோபமில்லையா?" என்று தம்பியைக் கேட்டேன். "என்ட பேரைச் சொல்லித்தானே ஏசினார்" என்றான் அவன். பெயரைத் தெரிந்து ஏசுகிறவர் மேல் கோபம் வராது என்பது அவன் கட்சி.

கூடைப்பந்தாட்டத்தின் அடிப்படைப் பாடம் பந்தைக் கொடுப்பதுதான் என்பார்கள். திறமைசாலி ஒருவன் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடினால் நாலு பேர் சும்மா நிற்க வேண்டியதுதான். பழக்குகிறவருடைய வேலை, உயரமான பெடியனை உயரமாக்குவதன்று. குட்டையானவனுக்கும் அங்கே ஒரு வேலை உண்டென்று காட்டுவது. மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இதைப் பழகினார்கள். கொழும்புப் பெரிய பாடசாலைகளோடு மோதும் தைரியம் வந்தது. மைக்கேல் கல்லூரியின் பிள்ளைகள் தேசிய அணிக்கும் போனார்கள். இது ஒருவருடைய சாதனையல்ல. பல துறவிகளும் பல ஆசிரியர்களும் சேர்ந்து செய்தது. அவர்களுள் ஹேபியர் முன்வரிசையில் நின்றவர்.

பிற்காலத்தில் அவர் மட்டக்களப்பிலே கிழக்குத் தொழினுட்ப நிறுவனத்தின் பணிப்பாளராக இருந்தார். பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகளுக்கு ஊர் மாலை போடும். பரீட்சையில் தவறிய பிள்ளையை யார் பார்ப்பார்கள்? கைத்தொழில் கற்றுக்கொடுத்து அவனை நிமிர்த்தி விடுகிற இடம் அது. அறுபது வயதைக் கடந்தும் ஸ்கூட்டரில் ஊர் சுற்றினார். சிறு நகரமொன்றில் ஸ்கூட்டரில் போகிறவருக்கும் காரில் போகிறவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. காரின் கண்ணாடி மூடியிருக்கும். ஸ்கூட்டரில் வருகிறவரை மதகடியில் நிற்கிற கிழவர் மறிக்கலாம். "ஃபாதர், என்ட பேரனுக்கு ஒரு இடம் பாருங்க" என்று சொல்லலாம். அவர் நிற்பார், நின்றுதான் ஆகவேண்டும்.

1980களில் அப்படி மறித்தவர்கள் சொன்ன விஷயங்கள் மாறின. "என்ட மகனைப் பிடிச்சிட்டாங்க ஃபாதர்." "எங்க வச்சிருக்காங்கண்டு கேட்டுச் சொல்லுங்க ஃபாதர்." விசில் ஊதிக்கொண்டிருந்த துறவிகள் முகாம் வாசல்களில் போய் நிற்க வேண்டி வந்தது. மட்டக்களப்பில் சமாதானக் குழு இயங்கியது. ஹேபியரும் அவருடைய சகதுறவி மிலர் அடிகளாரும் அந்தப் பணியில் இருந்தார்கள். பிடிபட்டவர்களின் பெயர்களைக் கேட்டறிவதும், தாய்மாருக்காகப் பேசுவதும் அவர்களுடைய அன்றாட வேலையாயின. பெயர்களை நினைவில் வைத்திருக்கும் பழக்கம் இங்கேயும் கைகொடுத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1990 ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. அந்த ஓகஸ்ட் மாதத்தை மட்டக்களப்பில் வாழ்ந்த எவரும் மறக்க மாட்டார்கள். 3ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம் மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு கிழமை கழிந்து, 11ஆம் திகதி நள்ளிரவை அண்டி, ஏறாவூரில் உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டன. குழந்தைகளும் தப்பவில்லை. இவற்றைச் செய்தவர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் விடுதலைப் புலிகள். தமிழராகிய நாம் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளக் கூடாது. பழிக்குப் பழியாகத் தமிழ்க் கிராமங்களிலும் உயிர்கள் போயின. செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் 158 பேரைப் படையினர் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பவேயில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது ஓகஸ்ட் 15. மாதாவின் விண்ணேற்புத் திருநாள். வாழைச்சேனையில் அகப்பட்டுக்கொண்டிருந்த கன்னியாஸ்திரீகளைப் பத்திரமான இடத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டுக்காக அங்கு போயிருந்த ஹேபியர், ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். பின்னால் ஒரு தமிழ் இளைஞர் உட்கார்ந்திருந்தார். கிரான், சித்தாண்டி, வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர், தன்னாமுனை என்று வருகிற வீதி. எத்தனையோ தரம் வந்துபோன வழி. ஏறாவூர்ப் பகுதிக்குப் பிறகு அவர்களைக் கண்டவர் இல்லை. இரண்டு பேரும் கிடைக்கவில்லை, ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை. அவருக்கு அப்போது வயது 66. அந்த இளைஞருக்கோ வாழ்க்கை தொடங்கவே இல்லை.

இவ்வளவுதான் அந்த நாள். பாருங்கள், நான் தப்பிக்க நினைத்தாலும் அந்த நாளுக்கு இத்தனை வார்த்தைகளைக் கொடுத்துவிட்டேன்.

நேயர்களே, இந்த இடத்தில் என் சொந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வேலிக்கு உள்ளே நின்று பந்தாடிய என் தம்பி, அதே ஆண்டின் கடைசி மாதங்களில் ஒரு காலையில் கடைக்குப் போனான். திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அதன் பிறகு நாங்கள் நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு விசாரணைக்கும் ஒரு படிவம். காணாமற் போன திகதி, நேரம், கடைசியாகக் கண்டவர், அணிந்திருந்த உடை, உடலில் அடையாளங்கள். நீலக் கோடு போட்ட சட்டை, சாம்பல் நிறக் காற்சட்டை, இடது புருவத்தில் ஒரு தழும்பு. இதை எத்தனை தரம் எழுதியிருப்பேன்! எழுதி எழுதி அவன் எனக்கு நீலக் கோட்டுச் சட்டையாகவே ஆகிவிட்டான்.

படிவங்களில் பிழையில்லை. உண்மையைக் கண்டுபிடிக்க அவைதான் வேண்டும். ஆனால் அவன் சிரித்தால் முன்பல் இரண்டுக்கும் இடையில் காற்று வரும் என்பதை எந்தப் படிவத்தில் எழுதுவது? அத்தாங்கும் விளக்கும் எடுத்துக்கொண்டு இரவில் வாவியில் இறால் பிடிக்கப் போனால், பிடித்ததில் பாதியை வழியிலுள்ள வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு வருவான். அதை எங்கே எழுதுவது? அம்மா மட்டும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தா. இரவில் சோறு போடும்போது, "மனே, அவனுக்கு இறால் சொதிண்டா உசிரு" என்பா. நான் எழும்பிப் போய்விடுவேன். கேட்கத் தாங்காது. அம்மா போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அவனுடைய வாழ்க்கையைக் காப்பாற்றி வைத்திருந்தவ அவ ஒருத்திதான் என்று. நான் காப்பாற்றியது அவனுடைய சாவைக்கூட அல்ல, ஒரு திகதியை.

தொடக்கத்தில் ஒரு கேள்விக்கு விடை பின்னால் வரும் என்றேன். இலக்கியத் தொடரில் இவர்களுக்கென்ன இடம்? நம்முடைய பழைய இலக்கியத்தில் கையறுநிலை என்று ஒரு துறை உண்டு. தலைவன் இறந்தபின் அவனை இழந்தோர் செயலற்று நின்று பாடுவது. புறநானூற்றில் பாரியை இழந்த கபிலர் பாடிய பாட்டுகள் அவ்வகையில் புகழ்பெற்றவை. பாரி எந்த நாள், எப்படி, யார் கையால் மடிந்தான் என்ற விவரத்தை அந்தப் பாட்டுகளில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. கபிலர் பறம்பு மலையைப் பாடுகிறார். அங்கே என்ன விளைந்தது, சுனை எப்படி நிறைந்திருந்தது, வந்தவருக்குச் சோறு எப்படிக் கிடைத்தது என்று பாடுகிறார். அந்த மலையிலிருந்து பிரிந்து போகும்போது திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். அதனால்தான் இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகும் பாரி நமக்கு ஒரு பிணமாக அல்ல, ஆளாகத் தெரிகிறான்.

இது புலவர்களுக்கு மட்டும் தெரிந்த வித்தையுமல்ல. எங்கள் பெண்கள் சொல்கிற ஒப்பாரியைக் கேளுங்கள். செத்தவர் வயலுக்குப் போன விதம், வந்து படலையைத் திறந்த விதம், பிள்ளையைத் தூக்கிய விதம் எல்லாம் அதில் வரும். சாவு வீட்டிலிருந்துகொண்டு வாழ்க்கையைச் சொல்வது அவர்களுக்குக் கைவந்த கலை. ஆனால் ஒப்பாரிக்கு ஓர் உடல் வேண்டும். உடல் இல்லாத வீட்டில் ஒப்பாரி வைக்க முடியாது; வைத்தால் அபசகுனம், அவன் இருக்கிறானோ என்னவோ. ஆகவே காணாமற் போனவர்களுக்கு ஒப்பாரியும் இல்லாமற் போயிற்று. அந்த இடத்தைப் படிவங்கள் வந்து பிடித்துக்கொண்டன. இந்தக் கிழக்கு மண்ணில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எத்தனையோ வீடுகளில் இதுதான் நிலை.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? நீதி கேட்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. கேட்கத்தான் வேண்டும், திகதிகளை மறக்கவும் கூடாது. அதோடு கூட, அவர்களைத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அவர்கள் வாழ்ந்த நாட்களையும் சொல்லி வைக்க வேண்டும். ஃபாதர் ஹேபியரிடம் ஆடியவர்கள் இன்று அறுபது, எழுபது வயதுக்காரர். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள், மட்டக்களப்பிலும் இருக்கிறார்கள். அவர் ஏசிய ஏச்சை, பந்தை எறியப் பழக்கிய விதத்தை, தோற்ற அன்று சொன்ன வார்த்தையை அவர்கள்தான் அறிவார்கள். வேலிக்கு வெளியே நின்ற நான் இவ்வளவு சொல்ல முடிந்தால் உள்ளே நின்றவர்களால் எவ்வளவு சொல்ல முடியும்! அவர்கள் எழுத வேண்டும். எழுத வராவிட்டால் பேரப்பிள்ளையைப் பக்கத்தில் இருத்திச் சொல்ல வேண்டும்.

அவருடைய சகதுறவி மிலர் அடிகளார் முதுமையில் ஒருமுறை தம் தாய்நாட்டுக்கே திரும்பிப் போனார். அங்கே இருப்புக்கொள்ளாமல் மீண்டும் மட்டக்களப்புக்கு வந்துவிட்டார். ஊர் என்றால் அதுதான். பிறந்த இடம் ஒன்றாக இருக்கலாம்; நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் இன்னொன்றாக இருக்கலாம். ஜெனிங்ஸில் பிறந்த ஹேபியருக்கு மட்டக்களப்பில் ஒரு கல்லறை கிடைக்கவில்லை. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருந்தார்கள்.

என் பேரன் கொழும்புக்குத் திரும்பும் முதல் நாள் அவனைக் கல்லடிக்குக் கூட்டிப் போனேன். 2013இல் திறந்த புதிய பாலத்தில் வாகனங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் பழைய பாலம். சிறுவனாக இருந்தபோது நானும் தம்பியும் தோணியை நிறுத்திய இடத்தைக் காட்டினேன். ஃபாதர் ஹேபியரின் விசிலிலிருந்து தொடங்கி, தம்பி இறால் பங்கு போட்ட கதை வரை சொன்னேன். நீலக் கோட்டுச் சட்டையைப் பற்றிச் சொல்லவில்லை. பையன் வாய் மூடாமல் கேட்டான். இடையில், "சின்னப்பப்பா குட்டையா, உயரமா?" என்றான். "குட்டை" என்றேன். "பிறகு எப்படி ஃபாதர் அவரைச் சேர்த்தார்?" என்றான்.

அந்தக் கேள்விக்கு நான் சரியான விடை வைத்திருந்தேன். நெடுநேரம் சொன்னேன்.

நிலா எழும்பியதும், பாலத்துக்குக் கீழே தண்ணீரைப் பார்த்து, "மீன் பாடுறது கேக்குமா?" என்று கேட்டான். துடுப்பும் இல்லை, தோணியும் இல்லை, வாகன இரைச்சலில் கேட்காது என்றேன். பாடுவது எது என்று கண்டவர் இல்லை, ஆனால் கேட்டவர்கள் இருக்கிறோம் என்றும் சொன்னேன். அடுத்த விடுமுறைக்கு வரும்போது தோணி ஒன்று ஒழுங்கு பண்ணுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். துடுப்புக்குச் சொல்லி வைத்தாயிற்று.